சிபுலான் வளைவில் மூன்று பதினேழு

இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. தூக்கக் கலக்கமோ காய்ச்சலோ இல்லை. தேதி, மணி எல்லாம் சரியாகச் சொல்கிறேன். கம்பெனி பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

என் பெயர் கினந்தி. பாண்டுங் நகரத்தில், செல்போனில் வழி பார்க்கிறோமே அந்த வரைபடத்தைச் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சாலைகளை அளப்பது வேறு ஆட்கள். அளந்து வந்த சாலை திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது நான். எதற்கு என்ன நிறம், கோடு எத்தனை தடிமன், எவ்வளவு கிட்டே போனால் ஒரு சந்து கண்ணில் பட வேண்டும்... நெடுஞ்சாலை மஞ்சள். ஊர்ச்சாலை வெள்ளை. நம்ப முடியாத மண் பாதை என்றால் பழுப்பில், விட்டு விட்டு ஒரு புள்ளிக்கோடு.

மேலாளர் குணார்டிக்கு அந்தப் புள்ளிக்கோட்டைக் கண்டாலே ஆகாது.

“என்னம்மா இது, எறும்பு ஊர்ற மாதிரி? எடுத்துடு. எல்லாம் வெள்ளையா, சுத்தமா இருக்கட்டும்.”

பக்கத்து மேசையில் இருந்த தாதான் அண்ணன், பன்னிரண்டு வருஷம் மலை மலையாக அலைந்து சாலை அளந்தவர். அவர் விடவில்லை. “சார், அந்தப் புள்ளியப் பாத்துதான் டிரைவர் ஒரு நிமிஷம் யோசிப்பான்.”

“யோசிக்கத் தெரிஞ்சவன் எதுக்குய்யா நம்ம மேப்பைப் பாக்குறான்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே மாற்றிவிட்டேன். ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. திரை பளிச்சென்று ஆனது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நவம்பர் 9, சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு மேல், தெற்கே தேயிலை மலையில் ஒரு கல்யாண வண்டி விழுந்தது. வெள்ளை மினிபஸ். பெரிய சாலையில் நெரிசல் என்று சிபுலான் மலைப்பாதையில் திரும்பியிருக்கிறார்கள். போன வருஷ மழையிலேயே மண் சரிந்து பாதி மலையோடு போய்விட்ட பாதை அது. எஸ்டேட்காரர்களே அதை விட்டுவிட்டார்கள். எங்கள் வரைபடத்தில் மட்டும் அது வெள்ளையாக, முழுசாக, மறுபக்க ஊர் வரைக்கும் போனது. கல்யாணப் பெண்ணோடு பதின்மூன்று பேர் செத்தார்கள். பெண்ணின் சித்தி ஒருத்தி மட்டும் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

குணார்டி என்னையும் தாதான் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசைக்குக் கீழே ஒரு தகரப் பலகை. ‘ஆபத்து, முன்னே சாலை இல்லை’ என்று எழுதியிருந்தது. துரு ஏற்றி, சேறு பூசி வைத்திருந்தார்கள்.

“போய் நட்டுட்டு போட்டோ எடுத்துட்டு வாங்க. ஒரு வருஷமா அங்கேயே நனஞ்ச மாதிரி தெரியணும். பலகை இருந்தும் போனான்னா தப்பு டிரைவர் மேல.”

“அந்த டிரைவருக்கும் பிள்ளைங்க இருக்கு சார்,” என்றார் தாதான் அண்ணன்.

“உனக்கும்தான் இருக்கு.”

பலகையின் ஒரு முனையை நான்தான் தூக்கினேன்.

நவம்பர் 28, வியாழன். மலையடிவாரத்தில் இஞ்சிப் பானம் விற்கும் கடையில் வண்டியை நிறுத்தினோம். மணி 2.05. கடைக்காரம்மா என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

“இன்னும் எத்தன பேருடி வருவீங்க படம் புடிக்க? எழவு வீடா, சர்க்கஸா?”

இஞ்சிப் பானத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

2.50க்கு மேலே போய்ச் சேர்ந்தோம். பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கடைசி வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தினோம். சரிவு அங்கிருந்து நூற்றைம்பது அடி. தாதான் அண்ணன் பலகையையும் கடப்பாரையையும் தோளில் வைத்துக்கொண்டார்.

“நீ இங்கேயே நில்லு. யாராச்சும் வந்தா ஒரு விசில் அடி.”

பனிக்குள் போனார். நான் பச்சை மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வளைவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. டங்... டங்... டங்...

மணி 3.09. செல்போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. ஆனால் வரைபடம் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளி இருக்கிறதே... அது நகர்ந்துகொண்டிருந்தது.

நான் அசையவில்லை. புள்ளி மட்டும் கீழேயிருந்து மேலே ஏறி வந்தது, நான் வரைந்த வெள்ளைக் கோட்டின் மேலே. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைத்து, திரும்பி, மறுபடி ஏறி... வண்டி ஓட்டுகிற மாதிரியே.

கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். செல்போனை அணைத்தேன்.

திரை அணையவில்லை.

3.14. கடப்பாரைச் சத்தம் நின்றது.

“அண்ணே?”

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

கீழேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. கல்யாண வீட்டுப் பாட்டு. கூடவே கைதட்டல், சிரிப்பு. சத்தம் ஏறி ஏறி வந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் இல்லை.

3.16. பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள்.

வெள்ளை மினிபஸ். முன்னால் பிளாஸ்டிக் பூ மாலை. மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றது. எண் பலகையைப் பார்த்தேன். பேப்பரில், நசுங்கிக் கிடந்த வண்டியின் படத்தில் பார்த்த அதே எண்...

ஜன்னல் இறங்கியது. டிரைவர் தலையை நீட்டினார். நல்ல முகம். நெற்றியில் வியர்வை.

“தங்கச்சி, இந்த வழி அந்தப் பக்கம் போவுமா? மேப்புல போவுதுன்னு காட்டுது.”

ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அவர் பக்கத்தில் நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி. பின்னால் கல்யாணப் பெண். தலையில் மல்லிகை மொட்டுச் சரம். அவள் முன்னால் குனிந்து, மழைக்கோட்டுக்கு வெளியே தொங்கிய என் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“கி...னந்தி. பாரு சித்தி, மேப்புக் கம்பெனி ஆளே நிக்குறாங்க! இனி என்ன பயம்?”

எல்லாரும் சிரித்தார்கள்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் விழுந்தவர்கள்.

‘போகாதீங்க’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் அப்போது எனக்கு ஒரே எண்ணம்தான். இவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள்... எப்படியாவது என் முன்னாலிருந்து போனால் போதும்.

கையை நீட்டினேன். சரிவைக் காட்டினேன்.

“நேராத்தான்... நேராப் போங்க.”

“ரொம்ப நன்றிக்கா,” என்றாள் கல்யாணப் பெண்.

போனார்கள்.

பாட்டு போனது. கைதட்டல் போனது.

சட்டென்று... ஒன்றும் இல்லை.

விழுந்த சத்தமும் இல்லை.

மணி பார்த்தேன். 3.17.

ஓடினேன். சரிவின் விளிம்பில் தாதான் அண்ணன் உட்கார்ந்து பலகைக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வண்டி... வண்டி வந்துச்சே அண்ணே!”

“எந்த வண்டி? பள்ளத்துல விழணும்னா என்னைத் தாண்டித்தானே போகணும்?”

ஈர மண்ணில் எங்கள் செருப்புத் தடம் மட்டும். டயர் தடம் இல்லை. “நான் கூப்பிட்டேனே, கேக்கலையா?” என்றேன். இப்போது கல் எடுக்கும் வரை கடப்பாரையை ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை என்றார்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பலகையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். அது மட்டும் விழுந்து விழுந்து நெடுநேரம் சத்தம் போட்டது. மறுநாள் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். பலகையை எறிந்ததில் எனக்குப் பங்கில்லை என்று எனக்காக ஒரு வார்த்தை பேசினார். அவருக்காக நான் பேசவில்லை.

டிசம்பர் 19. சித்திக்கு நினைவு திரும்பிவிட்டது என்று செய்தி வந்தது. பெயர் இமாஸ், பள்ளிக்கூட ஆசிரியை. குணார்டி என் கையில் பழக்கூடையும் ஒரு தாளும் கொடுத்தார். விபத்துக்கு வரைபடம் காரணம் இல்லை என்று அந்தம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

“பொம்பளை போனாத்தான் இரக்கப்படுவா. போ.”

போனேன். மழைக்கோட்டு இல்லை. அட்டையும் இல்லை. கழற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். வாசலில் நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். “எதுவும் கேட்காதீங்க. கண்ணு முழிச்சதுலேருந்து ஒரே கதையச் சொல்லுது. வளைவுல பச்சை மழைக்கோட்டு போட்ட பொண்ணு ஒருத்தி நின்னாளாம். அவதான் வழி காட்டினாளாம்.”

உள்ளே போனேன். இமாஸுக்கு இரண்டு காலும் இல்லை. என்னைப் பார்த்தாள். கத்தவில்லை.

“கினந்தி,” என்றாள்.

பழக்கூடை கையிலிருந்து நழுவியது.

“எங்கள ஏன் போகச் சொன்ன? எம் புள்ள உனக்கு நன்றி வேற சொன்னாளே.”

போலீஸ் என்னை விசாரித்தது. ஒரே மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். நவம்பர் 9 அன்று எங்கள் ஆபீசில் அரையாண்டுக் கூட்டம். மதியம் மூன்று முதல் நான்கு வரை, புதிய வரைபடத்தின் அழகைப் பற்றி, அறுபது பேர் முன்னால் நின்று பேசியது நான். வீடியோ இருக்கிறது. ஓரத்தில் மணி ஓடுகிறது. பாவம், தலையில் அடி, என்னமோ உளறுகிறாள் என்று இமாஸ் சொன்னதை மூடி வைத்துவிட்டார்கள்.

அந்த வீடியோவை நான் போன வாரம்தான் தைரியமாக முழுசும் பார்த்தேன்.

3.17க்கு நான் பேச்சை நிறுத்துகிறேன். ஒரு வாக்கியத்தின் நடுவில். முகம் வெளுக்கிறது. வலது கை மெதுவாக மேலே வந்து, வெறும் சுவர் இருக்கும் பக்கம் நீள்கிறது. ஒன்பது நொடி. முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். பிறகு கை இறங்குகிறது. விட்ட இடத்திலிருந்து பேசுகிறேன்.

இப்படி நின்றது எனக்கு ஞாபகமே இல்லை. அங்கே இருந்தவர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் ஞாபகம் இல்லை.

அந்த ஒன்பது நொடியில் என் உதடு அசைகிறது. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டேன்.

“நேராத்தான்... நேராப் போங்க.”