வெந்த கையிடம் கைரேகை

இன்று மதியம் எங்கள் கடைக்கு எதிரே உள்ள தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், குச்சி மருந்து தீப்பிடித்துவிட்டது. அங்கே வேலை செய்யும் மாரியம்மாக்காவுக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின.

இலவச ஆம்புலன்ஸ் உடனே வந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவை ஏற்றியதும் டிரைவர் தம்பி கைரேகை மெஷினை நீட்டினார்.

"வெந்த கையில எங்கனய்யா ரேகை இருக்கு?" என்று கத்தினேன்.

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஏழைப்பட்டவங்களை ஏத்துனா எங்க கம்பெனிக்கு கவர்மென்ட்டுல பணம் உண்டு. ஆனா இவிய ரேகை விழுந்தாத்தான் தருவாவ. இல்லன்னா என் சம்பளத்துல பிடிச்சிருவாவ."

அக்கா ஈரத்துணி சுற்றிய கைகளை மெல்ல உயர்த்தினார்.

"எந்த வெரல வைக்கணும் தம்பி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அந்த வலியிலும் நிஜமாகவே வைக்கப் பார்த்தார்.

தம்பி மெஷினைச் சீட்டில் எறிந்தார். "பிடிச்சாப் பிடிக்கட்டும், கதவை அடைங்க!" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஏழை என்று நிரூபிக்க வெந்த விரலைக் கேட்கிற விதியை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஊரே தீப்பெட்டியில் பிழைக்கிறது. இங்கே கை வேகும் என்று விதி போட்டவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த விதியை எழுதிய மகராசன் வீட்டில் சாமி விளக்கைக்கூட லைட்டரில்தான் ஏற்றுவார் போலிருக்கிறது.