நான் கழற்றிப் போட்ட சாரி கார்டு

இன்று திருப்பதியில் உதிரிபாகக் கடைக்காரர், நான் 1984-இல் வாங்கிய பைக்கைப் பார்த்துக் கேட்டார்: “சேல சக்கரத்துல மாட்டாம இருக்க சாரி கார்டு இருக்குமே, எங்க சார்?”

“அசிங்கமா இருந்துது. வாங்கின வாரமே கழட்டிட்டேன்,” என்றேன் பெருமையாக.

பக்கத்தில் நின்ற மனைவி சிரித்தாள். “அதான் காளஹஸ்தி, பங்காருபாளையம்னு நாம சுத்துனப்பல்லாம் ஒரு கையில சேலயப் புடிச்சிக்கினு, ஒரு கையில உங்களப் புடிச்சிக்கினு வந்தேன்.”

அவள் ஒரு கையால் மட்டும் பிடிப்பதைப் பார்த்து, ‘என் பெண்டாட்டிக்கு பைக்னா பயமே இல்ல’ என்று அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

கூனிக்குறுகிப் போய், உடனே ஒரு கார்டு மாட்டச் சொன்னேன்.

“மாட்டுங்க,” என்றாள். “நான் சுடிதாருக்கு மாறி இருபது வருஷம் ஆவுது.”

இதைவிடத் தாமதமாகப் புத்தி வந்தவர்கள் கமெண்டில் வரவும். துணைக்கு ஆள் வேண்டும்.