தோசைக்கடை அக்கா போட்ட சாலை வரி

என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு ரத்தச் சுத்திகரிப்பு. அந்தச் சிகிச்சை நிலையம் புந்தோங் வட்டாரத்தில் ஒரு குறுகிய சாலையின் கடைசியில் இருக்கிறது. எவ்வளவு தாமதமாகப் போகிறோமோ, அவ்வளவு நேரம் அவளுக்குக் குறையும். அடுத்தவருக்கு இயந்திரத்தை விட வேண்டுமே.

சாலையின் நடுவில் ஓர் அக்காவின் தோசைக்கடை. அவர் சட்னிக்காகப் பக்கத்து ஊரான லகாட்டிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்குவார்கள். நான் பின்னால் மாட்டிக்கொள்வேன். ஹார்ன் அடிக்க எனக்குக் கூச்சம். ஒரு நாள் மனைவி பொறுக்கமாட்டாமல் இறங்கி, கடையைத் தாண்டி மெல்ல நடந்தே போனாள். வீங்கிய கால்கள். அக்கா கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த முறை போனபோது கடையில் ஓர் அட்டை தொங்கியது. சாலையில் கார் நிறுத்தினால் தோசைக்கு ஒரு வெள்ளி கூடுதல் விலை. பக்கத்துத் திடலில் நிறுத்தி நடந்து வந்தால் பழைய விலை.

ஒரு வாரம் வழி கிடைத்தது. பிறகு பெரிய கார்க்காரர் ஒருவர் தினமும் ஒரு வெள்ளி நோட்டை நீட்டிவிட்டு நடுவிலேயே நிறுத்த ஆரம்பித்தார்.

"காசு உள்ளவனுக்கு ரோடு, நமக்கு வெயிலு லா," என்றார் பின்னால் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள்காரர்.

அக்கா அட்டையைத் திருப்பி எழுதினார்: சாலையில் கார் நிறுத்தினால் கடைசியாகத்தான் தோசை.

"நான்தான் காசு குடுத்துட்டேனே அக்கா!" என்றார் கார்க்காரர்.

"காசு எனக்குக் குடுத்தீங்க அண்ணே. நேரம் பின்னால நிக்கிறவங்களுது லா. அத யாரு குடுப்பா?" அவருடைய வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஊன்றுகோல் பெரியவர் ஒருவருக்கு மட்டும் கார் சன்னலுக்கே முதலில் தோசை போயிற்று.

"அவருக்கு மட்டும் என்னாவாம்?" என்றார் கார்க்காரர்.

"ஒங்க காலு நல்லாருக்குல்ல? நடங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கார்க்காரரும் சிரித்துக்கொண்டே வண்டியைத் திடலுக்கு எடுத்துப் போனார்.

பெரிய நகரங்களில் நெரிசலுக்கு வரி வாங்குவதாகப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். நான் பள்ளியில் மூன்றாம் படிவம் வரைதான் படித்தவன். அதன் கணக்கு எனக்கு விளங்காது. அக்காவின் கணக்கு விளங்கியது.

போன வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்ததும் மனைவி தோசை கேட்டாள். கடை வாசலில் நிறுத்தப் போனேன்.

"திடல்ல போடுங்க. நான் கார்லயே இருக்கேன்," என்றாள்.

நடந்து போய் இரண்டு தோசை கேட்டேன். அக்கா பொட்டலம் கட்டிக்கொண்டே, "வீட்டுக்காரம்மாவுக்கு இன்னிக்கு நேரம் முழுசா கெடச்சிச்சா தம்பி?" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"நாலு மணி நேரமும் கெடச்சிச்சு அக்கா," என்றேன். அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.