தூணில் ஏறிய பொட்டு

உமாராணி கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே வெள்ளம் வந்தது. பள்ளி மண்டபத்தில் எல்லோரும் ஈரத்தோடு குந்தியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பிரேமாவதி தன்னிடமிருந்த ஒரே உலர்ந்த கைலியை அவள் மடியில் போட்டுவிட்டு நகர்ந்தாள். பிறகு மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சரசரவென்று நடந்தாள்.

"என்னக்கா இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கோலாலம்பூர் பேஷன் லா. உனக்கெல்லாம் புரியாது."

கோலா கெத்தில் பக்கம், ஆற்றை ஒட்டிய அந்த எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வெள்ளத்துக்குச் சாட்சி பிரேமாவதிதான். தண்ணீர் வடிந்த அன்றே மாரியம்மன் கோயில் தூணில் சேற்றுக்கோட்டின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் வருஷம். வீட்டுச் சுவர்களுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அம்மன் தூணில் இருக்கும் பொட்டை அழிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? முதல் வெள்ளம் முழங்கால், அடுத்தது இடுப்பு, கடைசிப் பெருவெள்ளம் அவள் கழுத்துக்கு.

"ஆத்தாளுக்கு வயசாக வயசாகப் பொட்டு மேல ஏறுது" என்பாள்.

போன வருஷம் ஆற்றுக்குக் கரை கட்டப்போவதாகச் செய்தி வந்தது. மூன்றடிக்கு மேல் தண்ணீர் ஏறிய இடத்துக்கு மட்டும்தானாம். உமாராணியின் வீட்டுப் பின்சுவர் ஏற்கெனவே ஆற்றைப் பார்த்துக் குனிந்து நின்றது. கரை இல்லையென்றால் அடுத்த வெள்ளத்தில் வீடே போய்விடும்.

அளக்க வந்த அதிகாரி தூணருகே டேப்பை நீட்டினார். உச்சிப் பொட்டு இரண்டடிகூட வரவில்லை.

"சிக்கிட் சஜா, காக்" என்றார். மலாயில், கொஞ்சம்தான் அக்கா என்று.

உமாராணி தூணடியில் தேடினாள். முழங்கால் பொட்டையே காணோமே என்று பார்த்தபோதுதான் உறைத்தது. கும்பாபிஷேகத்தின்போது, அம்மன் கால் நனையக் கூடாதென்று கோயில் தரையை இரண்டரை அடி உயர்த்தி மார்பிள் பதித்திருந்தார்கள். அம்மன் மேலே போனாள், வெள்ளம் கீழே போய்விட்டது. மலாயில் எடுத்துச் சொன்னாள். டேப் காட்டுவதைத்தான் எழுத முடியும் என்று அதிகாரி படிவத்தைத் திறந்தார்.

பிரேமாவதி கோயில் பின்பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தாள். தூணடித் தரையில் 'உபயம்: தலைவர் விக்னேஸ்வரன் குடும்பத்தார்' என்று தங்க எழுத்தில் செதுக்கிய கல் இருந்தது. அதன்மேல் ஓங்கினாள்.

"அக்கா! அது என் பேரு!" கோயில் தலைவர் ஓடிவந்தார்.

"தெரியும் தம்பி. கொஞ்சம் தள்ளு, உன் பேரு உன் கால்லயே விழுந்துடும்."

"ஆத்தா கோவிச்சுக்குவாக்கா!"

"அவ கோவிச்சா நான் பேசிக்கிறேன். நீ கோவிச்சா அவகிட்ட போய்ச் சொல்லு."

நாலு இடியில் கல் பிளந்தது. உமாராணியும் குனிந்து மணலை அள்ளினாள். பழைய சிமெண்டுத் தரை தெரியும்வரை அதிகாரி நகரவில்லை. வேடிக்கையை விட்டுப் போக அவருக்கும் மனசு வரவில்லை போலும். டேப் குழிக்குள் இறங்கியது. நாலடி நாலங்குலம். எழுதிக்கொண்டார்.

தலைவர் ஒரு மாதம் பிரேமாவதியோடு பேசவில்லை. கரைக்குக் கல் இறங்கிய அன்று மட்டும் முதல் ஆளாக நின்று படமெடுத்துக்கொண்டார்.

கரை பாதி எழுந்த சமயம் பிரேமாவதியை மகள் சுங்கைப்பட்டாணிக்கு அழைத்துப் போனாள். அங்கேயே மூன்றாம் மாதம் கண்ணை மூடினாள். உமாராணி அவளைக் கடைசியாகப் பார்த்தது கார் கதவருகேதான்.

"அழாத லா" என்றாள் பிரேமாவதி. "கரைய முழுசா கட்டுறாங்களான்னு பாரு. பாதியில விட்டாங்கன்னா ஆத்தாளுக்கு நீச்சல் சொல்லிக்குடு. எனக்கு இனிமே முடியாது."