பதினேழு பொத்தான்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'காது'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். பார்வையில்லாதவளுக்கு முதுகென்ன, முகமென்ன? அந்த அறிவுகூட அந்தக் கூட்டத்துக்குக் கிடையாது. ஆறு வருடமாக ஒரே வேலை: அடுத்தவர் செய்த இணையதளத்தைத் திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டு, பார்வையற்றவர்களுக்கு அது உதவுமா என்று சொல்வது. ஆறு வருடமும் தற்காலிகம்.

அன்று வந்தது ஒரு மருத்துவமனையின் தளம். மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் பக்கம். ஹெட்போனை மாட்டி விசையைத் தட்டினாள். "பொத்தான், பொத்தான்" என்றது குரல். முதலாவது அதன் பெயர், இரண்டாவது அதன் வகை. அடுத்ததும் அதேதான். பதினேழும் அதேதான். பெயரில்லாத பொத்தானுக்குத்தான் தானியங்கிச் சோதனை மதிப்பெண் குறைக்கும் என்று தெரிந்த அலுவலகப் புண்ணியவான் ஒருவன், எல்லாவற்றுக்கும் 'பொத்தான்' என்றே பெயர் வைத்திருந்தான். தளம் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது.

மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நூறு வந்திருக்கும்மா. ஒப்புதல் குடுத்துடுங்க. உங்களை நிரந்தரமாக்குற ஆர்டரும் என் கையிலதான் இருக்கு."

"நேரத்தை உறுதி பண்றது எது, ரத்து பண்றது எதுன்னே தெரியல சார்."

"பக்கத்துல யாராவது இருப்பாங்கல்ல, கேட்டுக்குவாங்க."

போன வருடம் இப்படி ஒரு பக்கத்தில் அவள் பெண் மருத்துவரிடம் நேரம் வாங்க, பக்கத்தில் இருந்த அண்ணியைத்தான் கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் அவள் நோய் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆளாளுக்குப் போன் செய்தார்கள்.

அவள் ஒப்புதல் பக்கத்தைத் திறந்தாள். நிறுவனத்தின் சொந்தப் பக்கம். அதே புண்ணியவான் போன வாரம் புதுப்பித்தது. கடைசியில் இரண்டு பொத்தான்கள். "பொத்தான், பொத்தான்." "பொத்தான், பொத்தான்."

"சார், இதுல ஒப்புதல் எது?"

"முதல்ல இருக்கறதும்மா. பச்சையா இருக்கே, பாருங்க."

"அப்ப ரெண்டாவது நிராகரிப்பு."

"ஆமா."

"நல்லவேளை, பக்கத்துல நீங்க இருந்தீங்க சார்."

இரண்டாவதை அழுத்தினாள்.

மேலாளர் கையிலிருந்த ஆர்டரை அங்கேயே, அவள் காதருகே, நிதானமாகக் கிழித்தார். நிராகரித்த காரணம் என்ன என்று பக்கம் கேட்டது. அவள் பதினேழில் முதல் பொத்தானிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.