இடம் மாறிய காலிப்பர்

என் பழைய காரில், பிரேக் போட்டால் முன்சக்கரங்களைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் மெக்கானிக்கிடம் கொடுத்துப் புதிதாக மாற்றியதிலிருந்து பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. அவர் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற மறுபடி மறுபடி ஏர் எடுத்துவிட்டு, "பழைய வண்டிக்கு இவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார். நம்பித் தொலைத்தேன்.

குழித்துறை இறக்கத்தில் பெடல் தரை வரை போய்விட்டது. முன்னால் வாழைக்குலை லாரி. மகா தைரியசாலியான நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரு கையாலும் கும்பிட்டேன். பக்கத்திலிருந்த மனைவிதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினாள்.

"வாழைக்குலையவா கும்பிடுதிய?" என்றாள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து சக்கரத்தைக் கழற்றினேன். ஆயிலில் சிக்கிய காற்று மேலேதான் தங்கும். அதனால் ஏர் எடுக்கும் நிப்பிளும் மேலே இருக்க வேண்டும். இங்கே அடியில் இருந்தது. மெக்கானிக் இடது காலிப்பரை வலதுபக்கம் மாட்டியிருக்கிறார், வலதை இடதுபக்கம்.

போனில் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?" என்றார்.

"உம்ம செருப்பும்தான் ஒண்ணுபோல இருக்கு. கால் மாத்திப் போட்டு நடந்து பாரும் வே" என்று கத்தினேன்.

சரியாக மாட்டி ஏர் எடுத்ததும் பெடல் கல்லாக நின்றது. என் கோபம்தான் இன்னும் இறங்கவில்லை. இப்போதெல்லாம் பிரேக் வேலை பார்த்தவர் முதல் ஓட்டத்தில் என் பக்கத்து இருக்கையில் ஏறியாக வேண்டும். ஏறத் தயங்கினால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புகிறேன்.