கான் தோவில் எடுத்த படங்கள்

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் வியட்நாம் போக டிக்கெட் எடுத்துத் தந்தாள். டிக்கெட் வந்து இரண்டு கிழமை கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிறு பின்னேரம் மனைவி குசினியில் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு நின்றவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"டோர்செட் பார்க் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் பார்த்திருக்கிறன். ஏப்ரல் மாசம் மாறுறன்."

"ஆருக்குப் பார்த்தனீர்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான்."

நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன். ஒரு சுளையை வாயில் போட்டேன். அது இனிப்பா புளிப்பா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரத்தில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ரூஜ் பகுதியில் வீடு. ஒரே மகள், கலியாணம் முடித்து மார்க்கத்தில் இருக்கிறாள். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நானும் வெளியில் இருந்துதான் பார்த்திருக்கிறேன் போல.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. குடிக்கேல்லை, கை நீட்டேல்லை. வேலைக்குப் போனியள், வந்தியள், சாப்பிட்டியள், படுத்தியள். எனக்கு ஆரோ தெரியாத ஆளோடை ஒரே வீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கு. ஐம்பத்தாறு வயசாப் போச்சு. இன்னும் எத்தினை வருசம் இப்பிடி இருக்கிறது?"

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகையாவது வரும் என்று நினைத்தேன். இரண்டும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், அது வேறு யாருடையதோ கன்னம் போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"அப்ப வியட்நாம்?" என்றேன்.

"போவம். பிள்ளை ஆசைப்பட்டு எடுத்தது. போயிட்டு வந்து சொல்லுவம்."

கான் தோவைத் தேர்ந்தெடுத்தது மகள். படிக்கிற காலத்தில் சிநேகிதிகளோடு போய் வந்தவள். மீகொங் ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகிற இடத்தில் இருக்கிற நகரம். ஆற்றிலேயே சந்தை, கரை நெடுகக் கோயில்கள் என்று அவள் கை விரித்துச் சொன்னது நினைவிருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "ஒவ்வொரு நாளும் ஒரு ஃபோட்டோ எங்கடை ஃபமிலி குரூப்பிலை போடவேணும். ரெண்டு பேரும் இருக்கவேணும். சும்மா கோயிலை மட்டும் எடுத்து அனுப்பக்கூடாது அப்பா, ஓகே?"

பெப்ரவரியில் வெளிக்கிட்டோம். ரொறன்ரோவில் மூக்கு உறைகிற குளிர். இரண்டு விமானம் மாறி, பிறகு ஒரு வாடகை வானில் றோட்டால் நாலு மணித்தியாலம் ஓடிக் கான் தோவில் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியது. ஹோட்டல் அறையில் ஒரே கட்டில். அதன் மேல் இரண்டு துவாய்களை அன்னங்கள் மாதிரி மடித்து, அலகோடு அலகு முட்ட வைத்து, சுற்றிவரச் சிவப்புப் பூவிதழ் தூவியிருந்தார்கள். கலியாண நாள் என்று மகள் முன்கூட்டியே எழுதிப்போட்டிருக்கிறாள்.

மனைவி ஒரு அன்னத்தைக் குலைத்து முகம் துடைத்தாள். மற்றதை என்னிடம் தந்தாள். பூவிதழ்களைக் கையால் வழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டாள்.

"கட்டில் பெரிசுதானே. நீங்கள் அந்தப் பக்கம் படுங்கோ" என்றாள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நல்ல ஆங்கிலம். முதல் நிமிடத்திலேயே எங்களை அங்கிள், அன்ரி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். தங்கள் மொழியிலும் வயதானவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். "எங்கடை பிள்ளையள் மாதிரி" என்று மனைவி தமிழில் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் என்னோடு பேசிய நாலைந்து வசனத்தில் அது ஒன்று.

முதல் நாள் பின்னேரம் ஆற்றங்கரையில் நடந்தோம். கால்நடையாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு பாலம். அதில் இரண்டு பெரிய தாமரைப் பூக்கள் செய்து வைத்து, இருட்டத் தொடங்கினதும் நிறம் நிறமாக வெளிச்சம் போடுகிறார்கள். பாலம் முழுக்கச் சனம் படம் எடுத்துக்கொண்டு நின்றது. வழிகாட்டிப் பெண் எங்களைத் தாமரைக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தாள். நான் குரூப்பில் போட்டேன். ரொறன்ரோவில் அப்போது விடியற்காலை. பத்து நிமிடத்தில் மகளின் பதில் வந்தது. "சோ கியூட்! ஆனா ஏன் நடுவிலை இவ்வளவு கேப்? க்ளோசா நில்லுங்கோ!"

மறுநாள் விடிய முதல் எழும்பி மிதக்கும் சந்தைக்குப் படகில் போனோம். ஆற்றின் நடுவில் பெரிய படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நீளத் தடி. தடியின் நுனியில் ஒன்றில் அன்னாசி, ஒன்றில் பூசணி, ஒன்றில் வெங்காயம். தடியில் என்ன தொங்குகிறதோ அதுதான் படகில் விற்பனைக்கு இருக்கும், தூரத்தில் இருந்தே தெரியவேண்டுமே என்றாள் வழிகாட்டி. ஒரு சின்னப் படகு எங்களோடு வந்து உரசி நின்றது. அதற்குள் அடுப்பு, கொதிக்கிற பானை. அதில் இருந்த அம்மா படகு ஆட ஆட ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு கிண்ணத்தில் நூடில்ஸ் சூப் வார்த்துத் தந்தாள். மனைவி ரசித்துக் குடித்தாள். நானும் குடித்தேன். சூடு மட்டும் தெரிந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு பழைய படகின் தடியில் காய்ந்த ஓலை ஒன்று தொங்கியது. மனைவிதான் கண்டு, வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உது என்ன? ஓலையோ விக்கினம்?"

வழிகாட்டி சிரித்தாள். ஓலை தொங்கினால் படகையே விற்கப்போகிறார்கள் என்று அர்த்தமாம். இப்போது வரவர அப்படித்தானாம். பிள்ளைகள் எல்லாம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுகிறார்கள். தாய் தகப்பன் கரைக்கு ஏறிவிடுகிறார்கள்.

"இவ்வளவு காலமும் தண்ணியிலை இருந்திட்டு, கரையிலை அவைக்கு நித்திரை வருமோ?" என்று மனைவி கேட்டாள். அப்படிக் கரை ஏறிய தன் மாமாவுக்கு வரவில்லை என்றாள் வழிகாட்டி. மாமிக்கு முதல் நாளே நல்ல நித்திரையாம். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். வழிகாட்டி அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டாள். அன்றைக்குக் குரூப்பில் போன படத்தில் அவள் சிரிக்கிறாள், நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு பழைய பணக்கார வீட்டைக் காட்டினார்கள். வெளியில் பிரெஞ்சுக்காரர் பாணி, உள்ளே அவர்களுடைய முன்னோரை வணங்குகிற மேடை, நிலம் முழுக்கப் பூப்போட்ட ஓடு. பிறகு ஆற்றங்கரையில் சீனர்கள் கட்டிய ஒரு கோயில். கூரையில் இருந்து பெரிய பெரிய ஊதுவத்திச் சுருள்கள் கூம்பு மாதிரித் தொங்கின. புகையும் வெக்கையும் சேர்ந்து கண் எரிந்தது. அங்கேதான் அது நடந்தது.

எங்களுக்கு முன்னால் உள்ளூர்ச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று நின்றது. அதில் ஒரு வயதான அம்மா, கையில் ஊதுவத்தியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றவர், அப்படியே சரிந்து விழுந்தார். சனம் கத்தியது. ஒருவர் தூக்கி நிமிர்த்தப் பார்த்தார், இன்னொருவர் வாய்க்குள் தண்ணீர் விடப் போத்தலைத் திறந்தார்.

என் பக்கத்தில் நின்ற மனைவியை அடுத்த கணம் காணவில்லை. கூட்டத்துக்குள் பூந்து முழங்காலில் இருந்தாள். தூக்கியவரின் கையை விலக்கினாள். போத்தலை வாங்கித் தூர வைத்தாள். அந்த அம்மாவைக் கிடத்தி, கால் இரண்டையும் தன் கைப்பையின் மேல் தூக்கி வைத்து, கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டாள். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லை அம்மா. நான் பக்கத்திலை இருக்கிறன். மெல்ல மூச்சு விடுங்கோ, அவசரப்படாதையுங்கோ" என்றாள். முழுக்கத் தமிழில். ஒருவரும் அதை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "வாசல்லை நிண்டு மறைக்காதையுங்கோ. காத்து வரட்டும். சனத்தை விலத்துங்கோ" என்றாள். நான் கைகளை விரித்துச் சனத்தைப் பின்னுக்குத் தள்ளினேன்.

ஐந்தாறு நிமிடத்தில் அந்த அம்மா கண் திறந்தார். மனைவியின் கையைப் பிடித்தவர் விடவில்லை. அவர் தன் பாசையில் என்னவோ சொன்னார். மனைவி "ஓம் ஓம், வெக்கைதான்" என்று தலையாட்டினாள். அம்புலன்ஸ் வந்து ஏற்றும் வரை அப்படியே இருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த வேலை செய்கிறாள். அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வீட்டில் அவள் கதைக்கிற குரல் அது இல்லை. அப்படி ஒரு குரல் இருப்பது கூட எனக்குத் தெரியாது. இதைப் பார்த்ததும் எனக்குள் ஏதாவது உடைந்திருக்கவேண்டும். உடையவில்லை. வழக்கமாகப் பார்க்கிற ஒரு கட்டடத்தின் மறுபக்கத்தை முதல்முறை பார்க்கிறவன் போல நின்றேன்.

அன்று பின்னேரம் ஆற்றைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். பொரித்த மீன் முழுசாக, செதிலோடு, ஒரு தாங்கியில் நிற்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அவள் மீனைப் பிய்த்து, இலையோடு சேர்த்து, அரிசி மாவில் செய்த மெல்லிய தாளில் சுற்றி, வழக்கம்போல முதலில் என் கோப்பையில் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"போகாதையும்."

அவள் கை நின்றது. "ஏன்?" என்று கேட்டாள். குத்தலாக இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். மேசையில் கொஞ்சம் முன்னுக்கு வந்து கூட இருந்தாள்.

நான் யோசித்தேன். பிள்ளை கவலைப்படும். சனம் கதைக்கும். இந்த வயசில் தனியாகவா. இவ்வளவு பெரிய வீடு. வாய்க்கு வந்ததெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றிலும் அவள் இல்லை. ஆற்றில் மணல் ஏற்றிய வள்ளம் ஒன்று மெதுவாக எங்களைக் கடந்து போய்முடியும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு தன் பங்கைச் சுற்றத் தொடங்கினாள்.

"சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."

நாலாம் நாள் வெளிக்கிட முதல், கடைசிப் படம். வழிகாட்டி "கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட" என்று கை காட்டினாள். நான் மனைவியின் தோளில் கை வைத்தேன். தோள் வெயிலில் சூடாக இருந்தது. இதற்கு முதல் அங்கே கை வைத்தது எப்போது என்று யோசித்தேன். மகள் பத்து இதயம் போட்டிருந்தாள்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு மகளை மட்டும் வரச்சொன்னோம். சோறு கறி எல்லாம் வைத்து, சாப்பிட்டு முடிந்த பிறகு மனைவிதான் சொன்னாள். அப்பார்ட்மென்ட் எடுத்ததை, ஏப்ரலை, பயணத்துக்கு முதலே முடிவெடுத்ததை. மகள் முதலில் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தன் ஃபோனை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"அப்ப இதெல்லாம் ஃபேக்கா? நான் என்ரை வேலையிடத்திலை எல்லாருக்கும் காட்டினனான்."

"ஃபேக் இல்லையம்மா" என்றாள் மனைவி. "உதிலை நான் சிரிக்கிறது உண்மையான சிரிப்பு. எனக்கு அந்த இடம் நல்லாப் பிடிச்சது."

"அப்பாக்கு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நல்ல இடம்" என்றேன். மகள் எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்று தெரிந்தது. மனைவி போய்க் கதவடியில் நின்றாள். கோயிலில் கேட்ட அதே குரலில் மெல்ல மெல்லக் கதைத்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. நான் மேசையில் இருந்த கோப்பைகளை எடுத்துக் கழுவினேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வெயர்ஹவுஸில் இருந்து ஒரு வான் கேட்டு வாங்கி, நானே அவளுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு போனேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், உடுப்பு, தையல் மெசின், சாமிப்படம், சட்டி பானை. பதினோராம் மாடி. லிஃப்டில் மெத்தையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது இடையில் ஒரு தமிழ் அம்மா ஏறினார்.

"புதுசா வாறியளோ? ரெண்டு பேருமோ?"

"இல்லை அன்ரி, நான் மட்டும்" என்றாள் மனைவி. "இவர் சாமான் ஏத்த வந்தவர்."

"நல்ல மனுசன். இந்தக் காலத்திலை ஆர் வருவினம்" என்றார் அவர்.

"ஓம்" என்றேன் நான்.

கட்டிலைப் பூட்டினேன். யன்னல் சீலைக்குக் கம்பி அடித்தேன். அவள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். கதிரை இன்னும் வராததால் நின்றுகொண்டு குடித்தோம். யன்னலால் பார்த்தால் கீழே பஸ் தரிப்பில் சனம் நின்றது. "காத்து நல்லா வருது" என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோசம்தான். அதை அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கீழே வந்து வானுக்குள் ஏறி இருந்தேன். திறப்பைப் போட்டேன், திருப்பவில்லை. நெஞ்சுக்குக் கீழே என்னவோ செய்தது. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாதது நினைவு வந்தது. பசியாக்கும் என்று நினைத்து, பக்கத்துக் கடையில் ஒரு கொத்துரொட்டி வாங்கிவந்து, வானுக்குள்ளேயே இருந்து முழுக்கச் சாப்பிட்டேன். அது பசி இல்லை.